வரையாட்டுக்கு விடுப்பு உண்டு

கரண்ட் பில்லின் பின்பக்கம் கோடு போட்டேன்,
கொலுசுக்கு மணி வைத்துப் பற்றவைத்த விரல்களால்.
சேலம், உடுமலை, மறையூர், மூணாறு.
அங்கிருந்து இரவிகுளம். தேசியப் பூங்கா.
வரையாடு பக்கத்திலேயே வந்து நிற்குமாம்,
பயப்படாதாம்.
படித்துச் சொன்னவள் ஏழாம் வகுப்பு கீர்த்தனா.

"லீவு கிடைச்சா மறுபடி மலையா?" என்றார் மாதேஸ்வரன்.
நியாயந்தான்.
ஏற்காட்டு வண்டியில் பதினோரு வருஷம் கண்டக்டர்.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
கண்ணால் அறிந்தவர் இல்லை, காலால் அறிந்தவர்.
எட்டாவதில் ஒரு குழந்தை வாந்தி எடுக்கும்.
பதின்மூன்றில் யாராவது, இன்னும் எத்தனை என்பார்கள்.
அதற்கும் மேலே, வெயில் தெளிந்த நாளில்,
பஸ் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து
அதோ பாரு சேலம், அதோ பாரு ஜங்ஷன் என்று கத்தும்.
அந்த நேரம் அவர்
பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை தேடிக்கொண்டிருப்பார்.

"உட்கார்ந்துக்கிட்டே போற மலை" என்றேன்.
அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.
பேனாவை வாங்கி, உடுமலை பஸ் நேரத்தை எழுதினார்.

போன மே மாதம் கேட்டார். கோடை விழா,
மலர்க் கண்காட்சி, சிறப்புப் பேருந்து.
ஊரே மேலே ஏறும்போது
ஏற்றிவிடுகிறவனுக்கு ஏது விடுப்பு?
ஜனவரியில் மறுபடி எழுதிக் கொடுத்தார்.
பிப்ரவரியில் நான்கு நாள். கையெழுத்தே ஆகிவிட்டது.
முறுக்குக்கு மாவு அரைத்து வந்து வைத்த அன்று
கீர்த்தனா அழுதுகொண்டு வந்தாள்:
பூங்காவை மூடிவிட்டார்களாம்,
வரையாடு குட்டி போடுகிற காலமாம்,
ஏப்ரல் வரைக்கும் யாரையும் விடமாட்டார்களாம்.

நான்கு நாளும் அவர் வீட்டில் படுத்துக்கிடந்து
முறுக்கைத் தின்று தீர்த்தார்.
"ஆட்டுக்குப் பிரசவ லீவு ரெண்டு மாசம்" என்றார்
ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு தரம்.
இவள் பிறந்த அன்று அவருக்கு இரட்டை டூட்டி.
கடைசி வண்டியை இறக்கிவிட்டு
டிக்கெட் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார்.
அதை இருவருமே எடுக்கவில்லை.

இப்போது காலாண்டு விடுமுறை என்று முடிவு.
மழை குறைந்திருக்கும், கூட்டமும் குறையலாம்,
குட்டிகள் வளர்ந்து ஓடும்.
பிஸ்கட் டப்பாவில் ஆறாயிரத்து இருநூறு.
அதில்தான் கைவைத்தேன் நேற்று.

கடைவீதியில் பாதி விலைக்கு ஸ்வெட்டர்,
சித்திரையில் யார் வாங்குவார்கள், நான்தான்.
மூன்று. மெரூன் ஒன்று, ஒரே நீலத்தில் இரண்டு.
சாயங்காலம் கரண்ட் போனது.
சுவர் உள்ளேயிருந்து அனலைத் துப்பியது.
அளவு பார்க்க வேண்டுமே என்று
கீர்த்தனா போட்டாள், என்னையும் போடச் சொன்னாள்,
டூட்டி முடித்து வந்தவரைச் சட்டைமேலேயே மாட்டச் சொன்னாள்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று பேர்.
கழுத்தெல்லாம் வேர்வை, மூக்கில் கம்பளி வாசம்.
"குளுருது இல்லப்பா?" என்றாள்.
"பல்லு கிட்டிக்குது" என்று உதறிக் காட்டினார்.
பையைத் திணித்தோம், ஜிப் ஏறவில்லை.
அவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.
அசையாமல், ஜன்னலைப் பார்த்தபடி.
ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில்,
ஏற்காட்டு மலையின் விளக்குகள் வளைந்து வளைந்து.
அங்கே மட்டும் கரண்ட் இருந்தது.
"இங்கேருந்து பார்த்தா
இவ்வளவு உயரமா?" என்றார்.

பத்து நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்கிறது ரசீது.
கீர்த்தனாவின் ஸ்வெட்டரில் சீட்டைக் கத்தரித்துவிட்டேன்,
என்னுடையதிலும்.
அவருடையதில் மட்டும் இன்னும் தொங்குகிறது.