இரண்டு விரல் மடக்கி

ஒரே படத்துக்கு மூன்று முன்னோட்டம் வந்திருந்தது.
பெயருக்குப் பின்னால் ஒட்டிய எழுத்துதான் வேறு:
ஏ. பி. சி.
பள்ளிக்கூடத்தில் பிரிவு பிரித்த மாதிரி.

ஓசூர் பாகலூர் ரோட்டில் எங்கள் தியேட்டர்.
காலையில் தெலுங்கு, மதியம் தமிழ்,
ஆறரைக்குக் கன்னடம்,
இரவுக் காட்சிக்கு எது ஓடுகிறதோ அது.
எந்தப் படத்துக்கு முன்னால் எந்த எழுத்து என்று
பூத்தில் உட்கார்ந்து
சர்வரில் இழுத்துப் போடுகிறவன் நான்.
பட்டியல் மேலிருந்து வரும்.
யோசிப்பதற்குச் சம்பளம் இல்லை.

ஏ, விளையாடியவர்களுக்கு.
அதில் யாரும் பேசுவதில்லை.
துருப்பிடித்த ஒரு கதவு. ஒரு கை.
இரண்டு விரல் மடக்கி நாலு முறை தட்டுகிறது.
அவ்வளவுதான்,
காலேஜ் பையன்களின் வரிசை எழுந்து நின்று ஊளையிடும்.
எனக்கும் தொண்டை வரை வரும்.
பதினேழு வயதில்
தேன்கனிக்கோட்டை ரோட்டு பிரவுசிங் சென்டரில்
மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து
அந்தக் கதவின் முன்னால் முப்பத்தொரு முறை செத்திருக்கிறேன்.
பட்டனை ஓங்கி அமுக்கினால்
உள்ளே இருப்பது விழித்துக்கொள்ளும்.
தடவுகிற மாதிரி தொடவேண்டும்.
சாவுதான் சொல்லித்தந்தது.

பி, குடும்பத்துக்கு.
கதவே கிடையாது.
ஒரு அப்பா, ஒரு மகள், சிவப்புக் குடை, பின்னால் வயலின்.
"உன்னை விட்டுப் போகமாட்டேன்" என்கிறான்.
விளையாட்டு என்ற சொல் மறந்தும் வராது,
பெண் பார்க்கப் போன இடத்தில்
மாப்பிள்ளையின் பழைய கடன் போல.
அந்தக் குடை எத்தனையாவது மணி நேரத்தில்
தண்ணீரில் தனியாக மிதக்கும் என்று எனக்குத் தெரியும்.
ஐஸ்கிரீம் நக்கும் பிள்ளைகளை
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சி, மிச்சப் பேருக்கு.
எட்டு வெடிப்பு, ஒரு ஹெலிகாப்டர்,
இடி மாதிரி ஒரு தெலுங்குக் குரல்:
அவன் வந்துவிட்டான்!
விளையாட்டில் அவன் எங்கும் வருவதில்லை.
ஓடிக்கொண்டேதான் இருப்பான், இரண்டே குண்டோடு.
ஹெலிகாப்டரை நான் பார்த்ததே இல்லை.

போன ஞாயிறு மதியம், தூக்கக் கலக்கம்,
பி-க்குப் பதில் ஏ போய்விட்டது.
ஹால் முழுக்க சிப்காட் குடும்பங்கள்.
தட்டல் கேட்டது. யாரும் கத்தவில்லை.
முறுக்கு கடிக்கும் சத்தம் மட்டும் நின்றது.
மேனேஜர் அப்பையா மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.
"யாருக்கு எதைக் காட்டறதுன்னு தெரியலைன்னா
நாளையிலேர்ந்து கீழ டார்ச் அடி."

இடைவேளையில் டீ கவுண்டரில் ஒரு பெண் நிறுத்தினாள்.
பையில் ஐடி கார்டு எட்டிப்பார்த்தது: முனிலட்சுமி.
"மொதல்ல போட்டீங்களே, கதவு தட்டற படம்,
அது எப்ப?"
தீபாவளிக்கு, என்றேன். அந்த விளையாட்டு தெரியுமாக்கா?
"வெளையாட்டா?
உள்ள யாரோ தூங்கறாங்க. அதான் அப்படித் தட்டறான்.
ரெண்டாம் ஷிப்ட் பஸ் ஒன்றரைக்கு எறக்கிவிடும்.
பெரியவ எழுந்து தாழ் எடுக்கணும், சின்னவன் முழிக்கக் கூடாது.
இப்படி..."
டீயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு
காற்றில் தட்டிக் காட்டினாள்.
இரண்டு விரல் மடக்கி, நாலு.
மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் துளி தாமதம்.
அந்தத் தாமதத்தைக் கண்டுபிடிக்கவே
எனக்கு இருபத்தாறு சாவு ஆனது.

மேலே போய்ப் பட்டியலைத் திறந்தேன்.
ஏ: ஆண், பதினாறு முதல் இருபத்தெட்டு.
பி: பெண்கள், குழந்தைகள்.
சி: ஊர்ப்புறம் மற்றும் பிற.
கர்சர் கொஞ்ச நேரம்
துடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஒன்றே முக்காலுக்கு அறைக்குத் திரும்பினேன்.
உள்ளே சென்றாயன், காலை ஷிப்ட்காரன்.
வழக்கமாகப் போன் அடித்து எழுப்புவேன்.
அன்றைக்குத் தட்டினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
கொஞ்சம் பொறுத்து, நாலு.

எவன்டா அது, என்று உள்ளே கட்டில் அதிர்ந்தது.

முப்பத்திரண்டு.