ஊமைப் பலகை

வடக்குக் கூடையிலிருந்து பதினோரு காலடி,
இடப்பக்கக் கோட்டை ஒட்டி ஒரு பலகை.
அடித்தவன் நான்.

ஓக் மரம் பாதிப் பச்சையாய் வந்து இறங்கியது.
சுவரில் சுண்ணாம்பு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது.
"மே மாதத்துக்குள் காயுமா?" என்றேன்.
"மரத்தைக் கேள்" என்றார் மேஸ்திரி நோர்குஸ்.
ஐரோப்பா முழுக்க ரயிலேறி வருகிறதாம் கௌனாஸுக்கு,
பந்தைக் கூடையில் போட.
நாங்கள் ராத்திரியும் ஆணி அடித்தோம்.

அந்த இடத்தில் மட்டும்
அடிச்சட்டம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.
ஆப்பு வைத்திருக்க வேண்டும்.
கை விறைத்திருந்தது. சூப் ஆறிக்கொண்டிருந்தது.
வைக்கவில்லை.
மெழுகு பூசிய பிறகு
எல்லாப் பலகைக்கும் ஒரே முகம்.

கண்டுபிடித்தவன் ஸெலிக்,
மேல் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பதித்தவன்.
மதிய இடைவேளையில் யாரோ விட்டுப்போன பந்தைத்
தட்டிக்கொண்டே வந்தான்:
டப், டப், டப்,
தொப்.
நின்றான். குனிந்து பார்த்தான். சிரித்தான்.
"உன் தரைக்கு ஒரு சொத்தைப் பல், யூலியோனாஸ்."

லாட்வியாக்காரர்களோடு ஆடிய அன்று
எள் விழ இடமில்லை.
ஈரக் கம்பளியும் புதுச் சுண்ணாம்பும் கலந்த வாடை.
எனக்கு முன்னால் நின்றவர்
தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்றார்.
அது பெரிய விஷயமில்லை.
நான் கூடையைப் பார்க்கவில்லை.
எல்லாரும் அண்ணாந்திருந்தபோது
நான் ஒருவன்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அடமானம் வைத்த நிலத்தைப் பார்ப்பதுபோல.

எங்கள் பையன்கள் அந்த இடத்தைச்
சேற்றுக் குட்டையைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிப்போனார்கள்.
பத்து நாள் அங்கே பழகியவர்கள்.
தெரிந்துதான் போனார்களா?
இன்றுவரை கேட்டதில்லை.

கடைசி நிமிஷம். ஒரே ஒரு புள்ளி நாங்கள் முன்னால்.
அவர்களுடைய ஏழாம் எண்காரன்,
காதுவரை சிவந்த ஒல்லிப் பயல்,
இடப்பக்கமாய் இறங்கி வந்தான்.
ஆளில்லாத வழி.
எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.
மூன்று தப்படி. இரண்டு.
"வேண்டாம்" என்று கத்தினேன்.
எந்த மொழியில், எந்தப் பக்கத்துக்காக,
எனக்கே விளங்கவில்லை.
பந்து விழுந்தது.
எழவில்லை.
முழங்கால் உயரத்தில் தயங்கி
கோட்டைத் தாண்டி உருண்டு போயிற்று.

அவன் தரையைப் பார்க்கவில்லை.
தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

பிறகு தொப்பிகள் பறந்தன, அந்தத் தொப்பியும்.
முன்பின் தெரியாத ஒரு பெண்
என் கன்னத்தில் முத்தமிட்டு அழுதாள்.
ஸெலிக் பெஞ்சின்மேல் ஏறித் தொண்டை கட்டும்வரை கத்தினான்.
லிண்டன் மரங்களுக்கடியில் நடந்து வரும்போது சொன்னேன்:
"ஸெலிக், அந்தப் பலகை."
"நம் புள்ளிகளைப் பலகையா போட்டது?"
"இல்லை."
"அப்புறமென்ன, குடி."
பாலம்வரை ஒன்றும் பேசவில்லை.
பாலத்தில் சொன்னான்:
"இருந்தாலும் சரிசெய்துவிடு."

விடிகாலையில் பையோடு போனேன்.
உளியை மறந்துவிட்டேன் என்றேன் காவலாளியிடம்.
பலகையைக் கிளப்பினேன்.
ஆப்பு, தீப்பெட்டி அகலம்கூட இல்லை.
மூன்று ஆணி.
விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன்.
பேசியது.

எழுந்து மரத்தூளை ஊதும்போது கதவு திறந்தது.
லாட்வியாக்காரர்கள்; அடுத்த ஆட்டத்துக்குப் பயிற்சி.
ஏழாம் எண்காரன் யாரோடும் சேராமல்
நேராக இடப்பக்கக் கோட்டுக்கு வந்தான்.
அதே இடம்.
பந்தைத் தட்டினான்.
எழுந்தது.
இன்னொரு தரம் தட்டினான், ஓங்கி.
இடுப்புவரை, நெஞ்சுவரை,
நல்ல தரையில் நல்ல பந்து எழுவதுபோல எழுந்தது.

தரை என்பதற்கு
அவர்கள் சொல்லும் எங்கள் சொல்லும்
கிட்டத்தட்ட ஒன்றுதான்.
வாய்வரை வந்தது.
பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கதவருகே நின்றேன்.

அவன் மறுபடியும்
தன் உள்ளங்கையைப் பார்த்தான்.