குர்லாவில் பதினெட்டு நிமிடம்

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று
காலண்டர் தாளின் முதுகில்
நாலு பேர் நேரத்தையும் எழுதிப் பார்த்தோம்.
எனக்கு சயான் ஆஸ்பத்திரி, இரவு ட்யூட்டி, எட்டு மணி.
அவருக்கு விக்ரோலி ஒர்க்‌ஷாப் ஆறுக்கு விடும்.
இசக்கிக்குப் பத்தாம் வகுப்பு,
நேரு நகரில் கோச்சிங், ஏழே காலுக்கு.
சின்னவனுக்கு ஒன்றும் இல்லை.
அவனை என் கையிலிருந்து அவர் கைக்கு
மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாக் கோடும் வெட்டிக்கொண்ட இடம் குர்லா,
ஆறு ஐம்பதிலிருந்து ஏழு எட்டு வரை.

தண்ணீர்க் குழாயைத் தாண்டி
ஓடாத மின்விசிறிக்குக் கீழே ஓர் இரும்பு பெஞ்சு.
மூன்று பேர் உட்காரலாம்.
சின்னவன் நிற்பான்,
நின்றால்தான் வண்டி முதலில் தெரியுமாம்.

தூக்குச்சட்டியை மடியில் வைத்துத் திறப்பேன்.
புளிச்சோறு, உருளைக்கிழங்கு.
புதன் என்றால் முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி.
சம்பள வாரத்தில் அவர்
வெளியே வடா பாவ் வாங்கி வருவார்.
எண்ணெய் ஊறிய அந்தக் காகிதத்தில்
யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டு.
தின்றபடியே சின்னவன் திருத்துவான்:
"தப்பாப் போட்டிருக்கான்மா, ஒண்ணு மிச்சம் வரும்."

பேச்செல்லாம் பாதிப் பேச்சு.
தாணே ஃபாஸ்ட் தடதடத்துப் போகும்போது
வாயை மூடிக்கொள்வோம்.
போனதும் விட்ட சொல்லிலிருந்து:
"...அதனால டீச்சர் என்னை மட்டும்..."
"...அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை..."

இசக்கி பேசமாட்டாள்.
மார்க் கேட்டால் முறைப்பாள், நான் கேட்பதில்லை.
உருளைக்கிழங்கை ஒதுக்கினால் அறிவியல்.
தண்ணீர் மட்டும் குடித்தால் கணக்கு.
ஒரு நாள் தம்பி பங்கையும் பிடுங்கித் தின்றாள்.
அன்று ராத்திரி வார்டில்
என் கை போட்ட ஊசி
ஒருவருக்கும் வலிக்கவில்லை.

ஜூலையில் சயான் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியது.
வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன.
பதினெட்டு நிமிடம் மூன்று மணி நேரமாக நீண்டது.
சட்டி எப்போதும்போல் பத்து நிமிடத்தில் காலி.
அதற்குப் பிறகு என்ன செய்வதென்று
எங்களுக்குத் தெரியவில்லை.
அவர் குடையை விரித்தார், மடக்கினார்.
சின்னவன் அவர் தோளில் தூங்கிப்போனான்.
நான் சிஸ்டருக்குப் போன் செய்து
வர முடியாது என்று சொல்லி முடித்தபோது
இசக்கி, மழையைப் பார்த்துக்கொண்டே:
"மத்தியானம் நான் தனியாத்தான் சாப்பிடுறேன்.
ரெண்டு வாரமா.
அவங்க பெஞ்சை மாத்திக்கிட்டாங்க."

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் என் காலை மெல்ல மிதித்தார்.
நனைந்த நாய் ஒன்று எங்கள் பக்கத்தில் வந்து உதறியது.
கொஞ்சம் கழித்து அவர் சொன்னார்:
"அப்ப மத்தியானம் கொஞ்சமாத் தின்னு.
பசியோட இங்க வா."

மறுநாள் பெரிய சட்டி எடுத்தேன்.
அவள் பாதி சட்டியைக் காலி செய்தாள்.
அந்த வாரம் மட்டுமில்லை, டிசம்பர் வரைக்கும்.
நடுவில் ஒரு நாள் சூசன் என்றொரு பெண்ணைக் கூட்டிவந்தாள்.
அவளுக்கு ஸ்பூன் இல்லை.
மூடியில் வைத்துக் கொடுத்தேன்.

மார்ச்சில் பரீட்சை முடிந்தது.
ட்யூட்டியும் பகலுக்கு மாறியது.
இப்போது வீட்டில் நேரம் கிடக்கிறது, வேண்டிய மட்டும்.
அவர் டிவி முன்னால், அவள் கட்டிலில்,
சின்னவன் மாடிப்படியில் தட்டோடு,
நான் அடுப்படியில் நின்றபடி.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
ஒரு வண்டியும் தடதடக்கவில்லை.

நேற்று ஆறு மணிக்கு
இசக்கி தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து
என் முன்னால் வைத்தாள்.
"என் பாஸ் முடிஞ்சிருச்சு," என்றாள்.
"டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்காம்மா?"