இல்லாத பாலம்

கண்ணாடித் துளை வழியே
ஐம்பது யூரோ நுழைந்தது.
தாளில் ஒரு பாலம்.
எந்த ஊரிலும் இல்லாததை வரைந்திருக்கிறார்கள்
என்றாள், தொலேதோக்காரி.

இங்கே பார்க்க என்ன?
கோட்டை, பீரங்கி, சுவரில் வரைந்த சைக்கிள்,
கொடிமலை ரயில்.
பதினோரு வருடமாய் ஒப்பிக்கிறேன்.

மேலிருந்து கடல் தெரியுமா?
தெரியும் என்றேன்
ரிங்கிட்டை எண்ணிக்கொண்டே.
ஏறியதில்லை.

உங்கள் ஊரில்?
பெரிய தேவாலயம். அதற்கொரு கோபுரம்.
உச்சியில் எப்படி இருக்கும்?
வெயில் பட்டதுபோல் கண்ணைச் சுருக்கினாள்:
வரிசை ரொம்ப நீளம்.
அதன் நிழலில்தான் எங்கள் துணி காயாமல் தொங்கும்.

அவள் போனபின்
பாலத்தை மற்ற பாலங்களோடு சேர்த்து
ரப்பர் பேண்ட் போட்டேன்.

ஞாயிறு அரைநாள் கடை.
கடைசி ரயில் எத்தனை மணிக்கு?
யாரைக் கேட்பது,
பினாங்கு ஸ்ட்ரீட்டில் எல்லாரும்
என்னைத்தான் கேட்பார்கள்.