தொடலாம்

மூன்றரை ஏக்கரின் வரலாறு
ஒரு நீள நோட்டில் இருக்கிறது.
அட்டை போனபின்
யாரோ மொய் நோட்டின் அட்டையைப் பசை போட்டு ஒட்டியதில்
'மணமக்கள் நீடூழி வாழ்க' என்று திறக்கிறது.

முதல் பக்கம் கால்வாய்.
கள்ளந்திரி மதகில் தண்ணீர் விட்ட தேதி,
நாற்று, உரம்,
'நடவுக்கு ஆள் பதினாறு'.
பிறகு கரும்பு,
பிறகு கரும்புக்கு ஆலை தரவேண்டிய பாக்கி.
அதன் கீழே அய்யா போட்ட இரட்டைக் கோடு
தாளைக் கிழித்து
அடுத்த வருசத்திலும் தெரிகிறது.

அப்புறம் கோழி.
கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம், கம்பெனி ஊசி.
செத்தது மட்டும் எங்களுது.

ஈமு வந்தது அப்படித்தான்,
வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் பேச்சோடு.
எண்ணெய் காசு, தோல் காசு, இறகு காசு,
நகத்துக்குக்கூட விலை சொன்னார்.
ஆறு உருப்படியை இறக்கிவிட்டு
ஒன்றரை லட்சத்தை எண்ணி வாங்கிப் போனார்.
ஏழாம் மாதம்
'நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை' என்றது போன்.
தம்பி சோலைராசு அதை ஸ்பீக்கரில் போட்டு
ஈமுக்களுக்குக் கேட்கக் கொடுத்தான்.
தலையைச் சாய்த்துக் கேட்டன.

அடித்துத் தின்ன ஊர் தயங்கியது.
விரட்டிவிட்டால்
சாயந்தரம் திரும்பி வந்து
கேட்டுக்கு வெளியே நின்றன.

மாசி மாதம் ஒரு மத்தியானம்
அழகர்மலை பார்த்துத் திரும்பிய பள்ளிக்கூட வேன்
எங்கள் வேலியோரம் பஞ்சரானது.
ஸ்டெப்னியும் பஞ்சர்.
இருபத்தியெட்டுப் பிள்ளைகள் கம்பியில் முகம் பதித்து
'டீச்சர், ஒட்டகக் கோழி!'
ஒருத்தி கையை உள்ளே விட்டாள்.
நான் ஓடுவதற்குள்
ஈமு கழுத்தைக் கொடுத்துவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டது.
போகும்போது டீச்சர் என் கையில் இருநூறு ரூபாயைத் திணித்தார்.
எந்தத் தலைப்பில் எழுத?
'இதர வரவு' என்று எழுதினேன்.

இப்போது அந்த இதரம்தான் எங்களுக்குச் சோறு.
மோட்டார் ரூம் டிக்கெட் கவுண்டர்.
நாற்றங்காலில் வாத்து.
கோழிக் கொட்டகையில் முயல், தலைக்கு ஐம்பது ரூபாய்.
கருப்பனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குப்
பிள்ளைகள் 'புரோட்டா' என்று பேர் வைத்துவிட்டார்கள்.
பேர் வைத்ததை எப்படி வெட்டுவது,
நாலு வருசமாய்க் கருப்பனிடம் தவணை கேட்கிறோம்.
ஞாயிற்றுக்கிழமை கறிக்கு அப்பன்திருப்பதி போய்
கட்டைப்பையில் மறைத்துப்
பின்பக்கமாய் வருகிறோம்,
திருடின மாதிரி.

போர்டு நான் எழுதியது, பச்சைப் பெயிண்டில்:
'பிராணிகளைத் தொடலாம்.
தொட்டபின் கை கழுவவும்.'

இருளாயி அக்கா
வாசலில் அகத்திக் கட்டு விற்கிறாள், கட்டு இருபது.
போர்டு வைத்த அன்று பேரனை வாசிக்கச் சொன்னாள்.
'இன்னொருக்க வாசி' என்றாள்.
வாசித்தான்.

முதல் பக்கத்துப் பதினாறில் அவளும் ஒருத்தி.
எங்கள் கிணற்று உருளையில்
அவள் கை பட்டதில்லை.
குனிந்து ஏந்திய கைகளில்
செம்பு படாமல்
மேலிருந்து ஊற்றியவள் நான்,
பன்னிரண்டு வயசில்.
நன்றாக ஊற்றுவேன்.
ஒரு சொட்டு சிந்தாது என்று
அய்யா மெச்சியிருக்கிறார்.

அவளும் எதுவும் சொல்லவில்லை, நானும்.
அகத்தியை அடுக்கினாள்.

போன வாரம் பேரனுக்குப் பள்ளிக்கூட லீவு.
'உள்ள போகட்டும்க்கா, டிக்கெட் எதுக்கு' என்றேன்.
சுருக்குப் பையிலிருந்து
ஐந்து பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து
மேசையில் ஒவ்வொன்றாக வைத்து
'கிழி' என்றாள்.

கிழித்தேன்.

உள்ளே பையன்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்,
எதையும் தொடவில்லை.
ஈமுதான் பக்கத்தில் வந்து
அவன் சட்டைப் பித்தானைக்
கொத்திக் கொத்திப் பார்த்தது.