பாதி நிலா வால்

வின்னிபெக்கில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கடைக்குள் இருபத்தாறு டிகிரியில்
நாற்பத்திரண்டு பிளாஸ்டிக் கோப்பைகள்,
கோப்பைக்கு ஒரு மீன்.
இரண்டைச் சேர்த்து விட்டால்
விடிவதற்குள் ஒன்றுதான் மிஞ்சும்.

மூடியில் ஒட்டிய சீட்டு சொல்கிறது:
பெட்டா, ஹாஃப்மூன், ஆண், தாய்லாந்து.
பாதிப் பொய்.
இந்த வால் எந்த நீரிலும் தானாகப் பிறந்ததில்லை.
விரித்தால் அரைவட்டம் வரவேண்டுமென்று
யார் யாரோ ஜோடி சேர்த்துச் சேர்த்து
இழுத்து நீட்டிய வால்.

இதன் முன்னோன் சேற்றின் நிறம்.
வெயில் சாய்ந்து விழுந்தால் மட்டும்
செதிலில் கொஞ்சம் பச்சை.
கணுக்காலளவு வயல்நீர் போதும் அவனுக்கு,
நெல்தாள்களுக்கு நடுவே சண்டையிட்டுப் பிடித்த
நாலு முழ எல்லை.
கோடையில் அதுவும் வற்ற,
எருமைக் குளம்படியில் தேங்கிய கலங்கலில்
செவுள் கைவிட்டாலும்
மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்து
மழை வரும்வரை இருப்பான்.

இவையும் அதையே செய்கின்றன.
எப்போது திரும்பிப் பார்த்தாலும்
ஏதோ ஒன்று மேலே வந்து
ஒரு மடக்கு வின்னிபெக்கைக் குடித்துவிட்டு இறங்குகிறது.

மூடிகளைத் துடைத்தபடி டார்லீன் சொன்னாள்:
"நீயும் சூடான ஊர்தானே, உனக்கு இதுகளைப் புரியும்."
கோத்தகிரி என்றேன்.
ஸ்வெட்டர் போட்டுப் பள்ளிக்குப் போனவள்.
தேயிலைக் கொழுந்தை உறைபனி கருக்கிய காலையைச் சொன்னேன்.
அவளுக்கு ஏமாற்றம்.
எனக்கும்தான்,
நல்ல உவமை ஒன்று கைநழுவியதில்.

மூன்றாம் வரிசை நீலன் மட்டும்
தன் வாலைத் தானே கடிக்கிறான்.
கனம் தாங்கவில்லை போலும்.
ஐந்து சருகு எட்டு டாலர் பாக்கெட்டிலிருந்து
பாதாம் இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டேன்,
கணக்கில் எழுதாமல்.
கோவையில் விடுதி வாசலில்
முறைவைத்துக் கூட்டி எரித்தோமே, அதே சருகு.

மறுநாள் கோப்பையில்
பால் விடாத டிக்காஷன் நிறம்.
அந்த வயலின் நிறமாக இருக்கலாம்.
நான் பார்த்ததில்லை. அவனும்தான்.

ஆனால் இலையின் அடியில் நுரை.
குண்டூசித் தலையளவுக் குமிழிகளால் ஒரு கூடு.
உடைய உடைய
மேலே போய்க் காற்றெடுத்து வந்து
எச்சில் பூசி ஒட்டுகிறான்.
முட்டையிடப் பெண் இல்லை.
பெண்மீன்கள் அடுத்த அலமாரியில், பாதி விலைக்கு.

அழுக்கென்று நினைத்து
தண்ணீர் மாற்றக் கோப்பையை எடுத்தாள் டார்லீன்.
வாங்கி வைத்தேன்.
சீட்டைத் திருப்பிப் பேனாவால் எழுதினேன்:
செவ்வாய்வரை விற்பனைக்கு இல்லை.

செவ்வாய்க்குப் பிறகு என்னவென்று
அவள் கேட்கவில்லை.