நிலுவை

திபிலீசியின் ஒன்பது மாடிக் கட்டடங்களில்
லிஃப்ட் பழுதுபார்க்கிறாள் நெஸ்தான்.
ஆட்கள் மூவர், வேன் ஒன்று,
ரசீதெல்லாம் பிஸ்கட் டப்பாவில்
கிரீஸ் விரல் பதிந்தபடி.

அத்தனையும் ஸ்கேன் செய்து
மென்பொருளில் ஏற்ற
எனக்குப் பிப்ரவரி முழுக்கப் போயிற்று.
'இனி நீ யாரிடமும் கேட்க வேண்டாம்.
திங்கள் காலை ஒன்பதுக்கு
அதுவே கேட்கும்' என்றேன்.
கேட்கக் கூசியே பாதிப் பணத்தை விட்டவள்
சிரித்தாள்.

கேட்டது.
பல்மருத்துவர் மறுநாளே கட்டினார்.
மூன்றாம் வாசல்காரர்கள்
லிஃப்ட் உண்டியலை உடைத்துச்
சில்லறையாகவே கொட்டினார்கள்.
வாஷா மட்டும் ஒரு குடுவை ஒயினோடு வந்து
கணினியிடம் தவணை கேட்டார்.

பிறகு, நாம் தர வேண்டியதையும்
பழையதிலிருந்து வரிசையிட்டேன்.
முதல் வரி:
சம்பளம். நெஸ்தான். பதினான்கு மாதம்.

வேன் சாவியை உருட்டிக்கொண்டே
திரையைப் பார்த்தாள்.
'இதற்கும் நினைவூட்டல் போகுமா?'
போகும்.

இந்தத் திங்கள் ஒன்பதுக்கு
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே
அவள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.
'அன்புள்ள நெஸ்தான்,
நெஸ்தானுக்கு நீங்கள் தர வேண்டிய தொகை…'

எடுக்கவில்லையாம்.
கை முழுக்க எண்ணெயாம்.